நிலத்தடியில் சிக்கியோரின் மனநிலையும் மீட்போரின் கடமையும்

சுரங்கம் சரிந்தாலும், கிணறு இடிந்தாலும், அவ்விடத்தில் முதலில் எழும் கேள்விகள் இரண்டு. எவ்வளவு ஆழம்? எவ்வளவு மண்? இவ்விரண்டுக்கும் விடை கண்டு, அதற்கேற்ற இயந்திரங்களை வரவழைத்துத் தோண்டுவதே மீட்புப்பணி என்று பொதுவாகக் கருதப்படுகிறது. உள்ளே இருப்பவர் உயிருடன் இருப்பின், அந்த நேரத்தை அவர் எங்ஙனம் கழிக்கிறார், எதை நம்பிக் காத்திருக்கிறார் என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. மனநிலையைப் பற்றிய கவலை, ஆளை வெளியே எடுத்த பின்னர் ஆஸ்பத்திரியில் தொடங்கவேண்டிய காரியம் என்று எண்ணுவோரும் உளர்.

இவ்வெண்ணம் திருத்தப்பட வேண்டியதாகும். சிக்குண்டவரோடு தொடர்பு ஏற்படுத்தி, அதை இடையறாது காப்பது மீட்புப்பணியின் முதல் அங்கமாகும். தோண்டும் வேலைக்குத் தனி ஆட்கள் நியமிக்கப்படுவது போலவே இதற்கும் ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். இதற்கான காரணங்கள் வெறும் இரக்கத்தைச் சார்ந்தவை அல்ல. உடலியலும் மனோதத்துவமும் அவற்றை ஆதரிக்கின்றன.

திருவனந்தபுரத்தில் நிகழ்ந்தவை

2023ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் தேதி, திருவனந்தபுரம் மாவட்டத்தில் விழிஞ்ஞத்தை அடுத்த முக்கோலாவில், கிணறொன்றினுள் வேலை செய்துகொண்டிருந்த தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர், மண் சரிந்து விழுந்ததில் புதையுண்டார். தீயணைப்புப் படையினரும், தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும், கிணறு தோண்டுவதில் பழக்கமுள்ள தொழிலாளரும் இரவு பகலாக முயன்றனர். தோண்டத் தோண்ட மண் சரிந்துகொண்டே இருந்தது. ஜூலை 10ஆம் தேதி அவருடைய சடலமே கிடைத்தது.

அதற்கு ஓராண்டு கழித்து, 2024ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் தேதி சனிக்கிழமை, திருவனந்தபுரம் ரயில் நிலையத்தின் அடியே செல்லும் ஆமயிழஞ்சான் கால்வாயில் குப்பை அகற்றிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர், மழைவெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். கால்வாயின் சுரங்கப்பகுதியில் குப்பை மலைபோல் அடைந்து கிடந்தது. நீரில் மூழ்கித் தேடும் வீரர்கள் அதனிடையே புகுந்து தேடினர். கடற்படையினரும் வரவழைக்கப்பட்டனர். நகரம் முழுவதும் அந்த ஒருவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. ஜூலை 15ஆம் தேதி திங்கட்கிழமை அவருடைய உடல் கண்டெடுக்கப்பட்டது.

அதே சனிக்கிழமை நண்பகலில், அதே நகரத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், சிகிச்சைக்கு வந்த ஒருவர் ஏறிய லிப்டு நடுவழியில் நின்றுவிட்டது. அபாய மணியை அழுத்தியும், கூவியும், கதவைத் தட்டியும் பதில் வரவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டார் அவரைக் காணவில்லை என்று போலீசில் புகார் செய்தனர். திங்கட்கிழமை காலை லிப்டை இயக்க வந்த ஊழியர் கதவைத் திறந்தபோதுதான், உள்ளே ஒரு மனிதர் கிடப்பது தெரியவந்தது. ஏறக்குறைய 42 மணி நேரம் அவர் அதனுள் இருந்தார். ஊழியர் மூவர் தற்காலிகமாக வேலையினின்றும் நீக்கப்பட்டனர்.

லிப்டு நிலத்தடியில் இல்லை என்பது உண்மையே. ஆயினும் அதனுள் அகப்பட்டவரின் நிலை, சுரங்கத்தில் அகப்பட்டவரின் நிலையினின்றும் அதிகம் வேறுபட்டதன்று. அடைபட்ட இடம், உணவின்மை, நீரின்மை, இவற்றுக்கெல்லாம் மேலாக, தாம் அங்கு இருப்பது யாருக்கேனும் தெரியுமா என்ற ஐயம். முக்கோலாவிலும் கால்வாயிலும், ஆள் இருக்குமிடத்தை ஓரளவு அறிந்திருந்தும் உயிரைக் காக்க இயலவில்லை. அங்கே இயற்கை தடையாக நின்றது. ஆஸ்பத்திரியிலோ ஒரு குரலுக்குச் செவிகொடுக்க ஆளில்லாமையே தடையாக இருந்தது. முதல் வகைத் துயரத்தை எப்போதும் தடுக்க முடியும் என்று கூறுவதற்கில்லை. இரண்டாம் வகைத் துயரத்தை முற்றிலும் தடுக்கலாம்.

பீதியும் பிராணவாயுவும்

ஓய்வாக இருக்கும் வயதுவந்த மனிதன் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய கால் லிட்டர் பிராணவாயுவைச் செலவிடுகிறான். கடினமாக உழைக்கையில் இத்தேவை பல மடங்கு பெருகி இரண்டு லிட்டரையும் தாண்டக்கூடும். பீதியுற்றவன் உடலும் உழைப்பவன் உடலைப் போலவே நடந்துகொள்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு மிகுகிறது, வியர்வையாக நீர் வெளியேறுகிறது. காற்றோட்டமில்லாத சிறிய இடத்தில் இவை யாவும் ஆயுளைக் குறைப்பவை. அடைபட்ட இடத்தில் கரியமிலவாயு பெருகினாலும் மூச்சு வேகமெடுத்துத் தலைவலி உண்டாகிறது. அதனால் அச்சம் மேலும் வளர்கிறது. இவ்விதம் உடலின் வாதையும் மனத்தின் வாதையும் ஒன்றையொன்று தூண்டுகின்றன.

ஆகவே, "அசையாமல் இரு, நாங்கள் வந்துகொண்டிருக்கிறோம்" என்று மேலிருந்து கேட்கும் ஒரு சொல், வெறும் ஆறுதல் அன்று. அது காற்றையும் நீரையும் மிச்சப்படுத்தும் சாதனம்.

இருளில் காலக்கணக்கும் பிழைபடுகிறது. 1962ஆம் ஆண்டில் மைக்கேல் ஸீஃப்ர் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர், கடிகாரமின்றி ஏறக்குறைய இரண்டு மாதங்கள் மலைக்குகையொன்றில் தனித்து வாழ்ந்து பார்த்தார். வெளியே வந்தபோது அவருடைய கணக்கு உண்மையான தேதியைவிட 25 நாட்கள் பின்தங்கியிருந்தது. தாமே விரும்பிச் சென்றவர் நிலையே இதுவானால், விபத்தில் அகப்பட்டவரின் குழப்பம் எத்தகையதாக இருக்கும் என்பதை ஊகிக்கலாம். மேலிருந்து பேசுவோர் நேரத்தையும் நாளையும் தவறாமல் சொல்லிவருவது இக்காரணத்தால் அவசியமாகிறது.

ஸ்பிரிங்ஹில் சுரங்கம் கற்பித்தது

கானடா தேசத்தில் ஸ்பிரிங்ஹில் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கம் 1958ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி சரிந்தது. 75 பேர் மாண்டனர். ஆறு நாட்களுக்குப் பின்னர், உடைந்துபோன காற்றுக்குழாய் ஒன்றின் வழியாக மனிதக் குரல் மேலெழுவதை மீட்புப் படையினர் கேட்டனர். அக்குழுவில் 12 பேர் உயிருடன் இருந்தனர். மேலும் சில தினங்களில் மற்றொரு சிறு குழுவினரும் மீட்கப்பட்டனர்.

பிழைத்தவர்களை விசாரித்து ஆராய்ந்த அறிக்கை ஒன்று 1960ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் சார்பில் வெளியாயிற்று. அதில் கூறப்பட்ட முடிவுகளுள் ஒன்று நம் கவனத்துக்குரியது. முதற்கட்டத்தில், வெளியேற வழி தேடிய வேளையில், உடல் வலிவும் துணிவும் தொழில் நுணுக்கமும் உடையோர் தலைமை ஏற்றனர். வழியில்லை, காத்திருப்பதே கதி என்று தெளிந்த பின்னர், தலைமை வேறு சிலரிடம் சென்றது. பிறர் துன்பத்தை உணர்ந்து, தேற்றி, சச்சரவைத் தணித்து, நம்பிக்கையை வளர்க்க வல்லவர்களே இரண்டாம் கட்டத்தின் தலைவர்கள் ஆயினர்.

காத்திருத்தல் செயலற்ற நிலை அன்று என்பதும், அதற்கெனத் தனித் திறமை தேவை என்பதும் இதனால் விளங்கும். நிலத்தடி வேலைக்கு மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுப்போர் இரண்டாவது வகைத் திறமையையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

சிலி நாட்டில் 69 நாட்கள்

2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் தேதி, சிலி நாட்டின் ஸான் ஹோஸே சுரங்கத்தில் 33 பேர் ஏறக்குறைய 700 மீட்டர் ஆழத்தில் அகப்பட்டனர். அடைக்கல அறையில் இருந்த உணவு இரண்டு மூன்று நாட்களுக்கே போதுமானது. அதை அவர்கள் ஸ்பூன் கணக்கில் பங்கிட்டு 17 நாட்கள் உயிர் தாங்கினர். மேற்பார்வையாளரான லூயிஸ் உர்ஸுவா வேலைகளைப் பகிர்ந்தளித்தார். முக்கியமான முடிவுகள் அனைவரின் வாக்கையும் கேட்டே எடுக்கப்பட்டன. ஆகஸ்டு 22ஆம் தேதி துளைக்கருவி அவர்களை எட்டியபோது, 33 பேரும் நலமாக இருக்கிறோம் என்று எழுதிய காகிதத்தை அதில் கட்டி அனுப்பினர். அதன் பின்னர் அத்துளை வழியே உணவும் மருந்தும் கடிதமும் சென்றன. அக்டோபர் 13ஆம் தேதி அனைவரும் மீட்கப்பட்டனர். உர்ஸுவா கடைசியாக மேலே வந்தார்.

மேலே இருந்த குடும்பத்தார் சுரங்கத்தருகே கூடாரங்களில் தங்கினர். அக்குடியிருப்புக்கு 'நம்பிக்கை முகாம்' என்று பெயரிட்டனர். சிறுவர்களுக்கு அங்கேயே பள்ளிக்கூடம் ஒன்றும் நடத்தப்பட்டது. காத்திருப்போர் கீழே மட்டும் இல்லை, மேலேயும் இருக்கின்றனர் என்பதை அந்நாட்டினர் உணர்ந்து செயற்பட்டது பாராட்டத்தக்கது.

ஆயினும், அங்கே எல்லாம் குறையின்றி நடந்ததாகக் கொள்ளலாகாது. குடும்பத்தார் எழுதிய கடிதங்களை அதிகாரிகள் படித்துத் தணிக்கை செய்தது தொழிலாளரிடையே மனக்கசப்பை விளைவித்தது. வெளியே வந்த பின்னரும் பலர் நெடுங்காலம் உறக்கமின்மையாலும் அச்சத்தாலும் துன்புற்றனர்.

நம் நாட்டு அனுபவம்

1989ஆம் ஆண்டு நவம்பரில், மேற்கு வங்காளத்து ராணிகஞ்சில் மகாவீர் நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. ஆறு பேர் மாண்டனர். உள்ளே சிக்கியிருந்த 65 பேரை மீட்க, மேலிருந்து துளையிட்டு, ஓர் ஆள் நிற்கக்கூடிய எஃகுக் கூண்டு இறக்கப்பட்டது. ஜஸ்வந்த் சிங் கில் என்ற எஞ்சினீயர் தாமே அக்கூண்டில் கீழே சென்று, ஒவ்வொருவராக மேலே அனுப்பிவிட்டு இறுதியில் வந்தார். கூண்டை மட்டும் இறக்கியிருந்தால், யார் முதலில் ஏறுவது என்ற நெருக்கடி மூண்டிருக்கக்கூடும். வெளியிலிருந்து ஒரு மனிதர் வந்து அவர்களிடையே நின்றது, அனைவரும் மீட்கப்படுவர் என்பதற்கு உறுதிமொழியாக அமைந்தது.

2023ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி உத்தரகண்டத்தில் சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர் அகப்பட்டனர். அவர்களுக்குச் சில சாதகங்கள் இருந்தன. நடமாட ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள இடம் இருந்தது, மின்விளக்கும் எரிந்தது. ஏற்கனவே இருந்த நான்கு அங்குலக் குழாய் வழியே காற்றும், பொரி, பருப்பு போன்ற உணவும் அனுப்பப்பட்டன. பின்னர் ஆறு அங்குலக் குழாய் ஒன்று செருகப்பட்டு, அதன் வழியே சூடான உணவும் சிறிய காமிராவும் சென்றன. குடும்பத்தார் பேசினர், மனநல மருத்துவர்களும் பேசினர். உள்ளே இருந்தோர் நடந்தனர், யோகாசனம் செய்தனர், மூத்தவர்கள் இளையவர்களைத் தேற்றினர். பெரிய இயந்திரம் பழுதுபட்டு நின்றபோது, எஞ்சிய தூரத்தைக் கையால் தோண்டும் தொழிலாளர் தோண்டி முடித்தனர். நவம்பர் 28ஆம் தேதி 41 பேரும் உயிருடன் வந்தனர். 17 நாட்கள் அவர்களைத் தாங்கிய சாதனங்களுள், ஓர் ஆள் நுழைய முடியாத அவ்விரு குழாய்களுக்கும் முக்கியமான இடமுண்டு.

உண்மையை மறைக்கலாமா?

தொடர்பு ஏற்பட்டவுடன் எழும் கேள்வி, எதைச் சொல்வது என்பதாகும். வேலை தாமதமாகும் என்று சொன்னால் உள்ளே இருப்பவர் மனம் உடைவார் என அஞ்சி, "இன்னும் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுவோம்" என்று கூறும் வழக்கம் உண்டு. இது நல்லெண்ணத்தில் பிறந்த தவறு. ஒரு மணி நேரம் கடந்ததும் அவ்வாக்குப் பொய்யாகிறது. அதன் பின் சொல்லப்படும் எதையும் கேட்பவர் நம்பார். சிலி நாட்டில், பல மாதங்கள் ஆகலாம் என்பதைத் தொழிலாளரிடம் கூறினர். அவர்கள் அதைத் தாங்கிக்கொண்டனர். முடிவு நாளைக் குறித்துச் சொல்வதைக் காட்டிலும், அடுத்து யார் எப்போது பேசுவார் என்பதைக் குறித்துச் சொல்லி, அந்நேரம் தவறாமல் பேசுவது நன்று. சிறிய வாக்குறுதிகள் நிறைவேற நிறைவேறப் பெரிய நம்பிக்கை வளரும்.

எந்த மொழியில் பேசுவது என்பதும் கருதத்தக்கது. முக்கோலாவில் புதையுண்டவர் தமிழர். சில்க்யாராவில் இருந்த 41 பேரும் பல மாநிலங்களினின்றும் வந்தவர்கள். இன்று கேரளத்தில் மண்வேலையிலும் கட்டட வேலையிலும் தமிழரும், வங்காளியரும், அஸ்ஸாமியரும், ஒரியரும் மிகுதியாக ஈடுபட்டுள்ளனர். அச்சமுற்ற மனிதனின் உள்ளத்தில் தாய்மொழி எட்டுமளவுக்குப் பிற மொழி எட்டுவதில்லை. வேலைக்களத்தில் உள்ளோரின் பெயர்ப்பட்டியலில், அவரவர் பேசும் மொழியையும் குறித்துவைப்பது செலவில்லாத காரியம். விபத்து நேர்ந்தால், எவரை அழைத்துப் பேசவைப்பது என்பதை அது உடனே காட்டும்.

களப்பணியாளர் கவனத்துக்கு

கேரளத்தில் திறந்த கிணறுகள் மிகுதி. கன்னியாகுமரி மாவட்டத்திலும் அவ்வாறே. பெரிய சுரங்க விபத்து எங்கோ ஒரு முறை நிகழ்கிறது. கிணற்று விபத்தோ ஊர்தோறும் நேரக்கூடியது. அவ்விடத்துக்கு முதலில் செல்பவர் பெரும்பாலும் கிராம ஊழியர், பொதுப்பணித் துறையின் மேற்பார்வையாளர், அல்லது அண்டை வீட்டார். அவர்களால் செய்யக்கூடியவை சில உண்டு.

எவர் உள்ளே இறங்கினார், எத்தனை மணிக்கு இறங்கினார் என்பதை மேலே ஒருவர் எழுதிவைத்திருக்க வேண்டும். தனியாக எவரையும் இறங்க விடலாகாது. விபத்து நேர்ந்தால் கூட்டத்தை விளிம்பினின்றும் விலக்க வேண்டும். கூட்டத்தின் பாரமே மண்ணை மேலும் சரிக்கும். நச்சுவாயு உள்ள கிணற்றில் முதலாமவரைக் காக்கச் சென்ற இரண்டாமவர் உயிரிழப்பது அடிக்கடி நேர்வதாகையால், சுவாசக் கருவியின்றி எவரையும் இறக்கலாகாது. ஆனால் குரலை இறக்கலாம். கயிறு, குழாய், கம்பி, எது கிடைத்தாலும் அதைத் தொடர்புச் சாதனமாக்கலாம். பேச இயலாதவருக்கு, ஒரு தட்டு ஆம், இரு தட்டு இல்லை என்ற எளிய அடையாளம் போதும். குறித்த இடைவெளிகளில் எல்லா இயந்திரங்களையும் சற்று நிறுத்தி, அனைவரும் மௌனமாகச் செவிகொடுக்க வேண்டும்.

பேசுவதற்கென ஒருவர் நியமிக்கப்பட்டால், அவருக்கு வேறு வேலை எதுவும் தரலாகாது. பதில் வராவிடினும் அவர் பேசிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே கேட்கும் சக்தி உள்ளவருக்குப் பேசும் சக்தி இல்லாமற் போயிருக்கலாம். குடும்பத்தாருக்குச் செய்தி சொல்லவும் இன்னொருவர் வேண்டும். வதந்தியின் வாயிலாக அவர்கள் செய்தி அறிவது பெருங்கொடுமை.

ஆசிரியர்கள் கவனத்துக்கு

பள்ளிகளில் தீயணைப்புப் பயிற்சி நடைபெறுகிறது. அடைபட்டால் என்ன செய்வது என்பதும் அதனுடன் கற்பிக்கத்தக்கது. முதலில் காற்று வரும் திசையை அறிதல், ஓயாமல் கூவாமல், இடைவிட்டுத் தட்டி ஒலியெழுப்புதல், கையிலுள்ள நீரையும் விளக்கையும் சிக்கனமாகச் செலவிடுதல், உடனிருப்போர்க்கு ஆளுக்கொரு வேலை தருதல், நேரத்தைக் கணக்கிடுதல். இவற்றைச் சிறுவரும் எளிதில் புரிந்துகொள்வர். 2018ஆம் ஆண்டு தாய்லாந்தில் வெள்ளம் சூழ்ந்த தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களுடைய விளையாட்டுப் பயிற்சியாளரும் அகப்பட்டனர். முன்னர் பௌத்தத் துறவியாயிருந்த அப்பயிற்சியாளர் சிறுவர்களைத் தியானத்தில் அமர்த்தி அமைதிப்படுத்தினார். அவர்கள் இருக்குமிடம் தெரியவே ஒன்பது நாட்கள் ஆயின. இறுதியில் 13 பேரும் பிழைத்தனர்.

மற்றொன்றும் கற்பிக்க வேண்டும். மூடிய கதவுக்கு அப்பாலிருந்து தட்டும் ஓசை கேட்டால், அது என்னவென்று பார்க்காமல் கடந்து செல்லலாகாது. வேலை முடித்து வீடு திரும்புமுன், உள்ளே எவரேனும் இருக்கின்றனரா என்று பார்த்த பின்னரே பூட்ட வேண்டும். விஞ்ஞானம் துளைக்கருவிகளையும் காமிராக்களையும் நமக்கு அளித்துள்ளது. அவை மலையையே துளைக்க வல்லவை. ஆனால் எவரும் தேடாத இடத்தில் அவற்றால் பயனில்லை. தேடத் தூண்டுவது ஒருவர் மற்றொருவரைக் கணக்கில் வைத்திருக்கும் பழக்கமேயாகும். அப்பழக்கத்தை வேலைக்களத்திலும் வகுப்பறையிலும் வளர்ப்பது, களப்பணியாளரும் ஆசிரியரும் இன்றே தொடங்கக்கூடிய பணியாகும்.